ஓட ஆரம்பித்த இரண்டாவது நிமிடமே மூச்சு வாங்குகிறது, காலும் வலிக்கிறது

மயிலைவாசி36 கேட்டது:

வணக்கம். வயது 36, எடை 82 கிலோ, நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கும் வேலை. பி.பி., சுகர் இரண்டும் நார்மல். கொஞ்ச நாளாகத் தினமும் காலையில் மெரினா நடைபாதையில் ஓடிப் பார்க்கிறேன். இரண்டே நிமிடத்தில் மூச்சு இரைத்து நின்றுவிடுகிறேன். இப்போது முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்க ஓரமாக, இரண்டு காலிலும் வலி வேறு. போட்டிருப்பது சாதாரண கான்வாஸ் ஷூ. எடையைக் குறைத்துவிட்டுத்தான் ஓட வேண்டுமா? மணலில் ஓடினால் காலுக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா? ஓடுவதற்கு முன் என்ன சாப்பிடலாம்?

மெதுஓட்டம்:

உங்களுக்கு மூச்சில் குறை இருப்பதாகத் தெரியவில்லை, வேகம்தான் அதிகம். புதிதாக ஓட வருகிறவர்கள் பலரும் கிலோமீட்டருக்கு ஐந்தரை, ஆறு நிமிட வேகத்தில் கிளம்பிவிடுகிறார்கள். உங்களுக்கு இப்போதைக்கு 8 முதல் 9 நிமிடம் போதும். வீசி நடந்தாலே 10 நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் போகலாம், அதற்குச் சற்று மேல், அவ்வளவுதான். வாட்ச் வேண்டாம். ஓடிக்கொண்டே "நாளைக்குச் சாயங்காலம் அம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்" என்று ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா பாருங்கள். நடுவில் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். நடந்து போகிறவர் உங்களைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை.

தினமும் ஓடுவதை உடனே நிறுத்துங்கள். வாரம் மூன்று நாள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள் ஓய்வு. 1996-இல் ஜோஷ் கிளார்க் என்பவர் வகுத்த 'கவுச் டு 5கே' (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டர் வரை) என்ற ஒன்பது வாரத் திட்டம்தான் உலகம் முழுக்கப் புதியவர்கள் பலர் பின்பற்றுவது. முதல் வாரம்: 5 நிமிடம் வேக நடை, பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம். இரண்டாம் வாரம் 90 விநாடி ஓட்டம், 2 நிமிடம் நடை. கடைசி வாரம் 30 நிமிடம் நிற்காமல் ஓடுவீர்கள்.

இந்தத் திட்டத்தில் நிறையப் பேர் தடுக்கி விழுவது ஐந்தாம் வாரத்தில். அந்த வாரத்தின் இரண்டாம் நாளில் 8 நிமிடம் ஓடி, 5 நிமிடம் நடந்து, மறுபடி 8 நிமிடம் ஓடச் சொல்கிறது. மூன்றாம் நாளே 20 நிமிடம் ஒரே ஓட்டம். அது பெரிய தாவல். நடுவில் ஒரு வாரத்தைச் செருகிக்கொள்ளுங்கள்: 10 ஓட்டம், 3 நடை, 10 ஓட்டம், அடுத்து 12, 2, 8, அடுத்து 15, 2, 5. எந்த வாரம் கஷ்டமாக இருந்தாலும் அதையே இன்னொரு வாரம் ஓடலாம். ஒன்பது வாரம் பன்னிரண்டு ஆனால் ஒன்றும் குறைந்துவிடாது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 30 நிமிடம் ஓட முடிந்தால் 5 கிலோமீட்டர் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 8 நிமிட வேகத்தில் 30 நிமிடத்துக்கு 3.75 கிலோமீட்டர்தான் வரும். அதைப் பார்த்து மனம் தளர்ந்து, வேகத்தைக் கூட்டி, காலைக் கெடுத்துக்கொள்பவர்கள் அதிகம். நேரத்தை மட்டும் பாருங்கள், தூரம் தானாக வரும்.

எடை குறையும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த அளவு ஓட்டத்துக்கு 82 கிலோ ஒரு தடையே இல்லை.

பிசியோ_திருச்சி:

கால் வலிக்கு வருகிறேன். எலும்பின் உள்ஓரமாக, விரல் வைத்துத் தடவினால் ஐந்து செ.மீ.க்கு மேல் நீளமாகப் பரவிய வலி என்றால் அது பெரும்பாலும் 'ஷின் ஸ்பிளின்ட்', அதாவது அதிகச் சுமையால் எலும்போரம் நோவது. மூச்சும் இதயமும் சில வாரத்தில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்கில் ஆகும். அதனால் மூச்சு "ஓடு" என்று சொல்லும்போது கால் தயாராக இருக்காது. தினமும் ஓடியதுதான் காரணம், கான்வாஸ் ஷூ அதைக் கூட்டியிருக்கும்.

வலி அடங்கும்வரை ஓடாமல் நடங்கள். வலிக்கும் அன்று 10 முதல் 15 நிமிடம் துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம், வலி குறையும். ஆனால் குணமாக்குவது ஓய்வும் உடற்பயிற்சியும்தான். படியின் விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கி மெதுவாக இறக்குங்கள், 15 முறை வீதம் மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பாதி நாட்களில் முழங்காலை நீட்டிச் செய்யுங்கள், மீதி நாட்களில் லேசாக மடக்கிச் செய்யுங்கள். மடக்கிச் செய்தால் கெண்டைக்காலின் உள்தசைக்கு வேலை கிடைக்கும், ஓட்டத்தில் அதிகம் சுமப்பது அதுதான். சுலபமாகிவிட்டால் ஒற்றைக்காலில் செய்யுங்கள்.

மறுபடி ஓடும்போது அடியைச் சின்னதாக வையுங்கள். காலை முன்னால் எட்டிப் போட்டுக் குதிகாலில் 'தொம்' என்று இறங்கினால் அதிர்ச்சி அப்படியே எலும்புக்குப் போகும். பாதம் இடுப்புக்கு நேர் கீழே இறங்க வேண்டும். 30 விநாடியில் வலது கால் எத்தனை முறை தரையில் படுகிறது என்று எண்ணுங்கள். 36 வந்தால், அதே வேகத்தில் 38 ஆக்கப் பாருங்கள். ஒரேயடியாகக் கூட்ட வேண்டாம்.

வலிக்குப் பத்துக்கு மார்க் போட்டு, அது மூன்றுக்கு மேல் வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மறுநாள் காலை படுக்கையை விட்டு இறங்கும்போதும் வலி இருந்தால் முந்தைய நாள் ஓடியது அதிகம் என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. ஒரே இடத்தில் விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி வலித்தாலோ, ராத்திரி படுத்திருக்கும்போது வலித்தாலோ, ஒற்றைக்காலில் குதித்தால் சுரீர் என்றாலோ எலும்பில் விரிசல் இருக்கலாம். எலும்பு டாக்டரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலே போகலாம், எம்.ஆர்.ஐ.யில் தெரிந்துவிடும். "எக்ஸ்ரே நார்மல்" என்பதை வைத்து மறுபடி ஓடத் தொடங்கிவிடாதீர்கள்.

மணல் உங்களுக்கு இப்போது வேண்டாம். உலர்ந்த மணலில் குதிகால் புதைவதால் கெண்டைக்காலுக்குச் சுமை கூடும். அலையோர ஈரமணல் கெட்டியாக இருந்தாலும் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும், ஒரு கால் எப்போதும் தாழ இறங்கும்.

ஷூ_கடைக்காரன்:

ஷூ மட்டும் சொல்கிறேன். சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் லேசாக வீங்கி ஓடும்போது இருக்கும் அளவுக்கு வரும். ஓடும்போது போடும் சாக்ஸையே போட்டுப் பாருங்கள். நின்றபடி பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் வேண்டும், இல்லாவிட்டால் நகம் கறுத்துப்போகும். குதிகால் தூக்கிக்கொண்டு வரக் கூடாது. கடைக்குள்ளேயே நாலு எட்டு ஓடிப் பாருங்கள். 3000 ரூபாய் வாக்கிலேயே தொடக்கத்துக்குப் போதுமான ரன்னிங் ஷூ கிடைக்கும்.

தட்டைப் பாதமா, வளைந்த பாதமா என்று அளந்து விலை கூடிய ஷூவைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அமெரிக்க ராணுவத்தில் பயிற்சி பெறும் வீரர்களிடம் பாத வளைவுக்கு ஏற்ற ஷூ கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் காயம் அப்படி ஒன்றும் குறையவில்லை. போட்டதும் காலுக்குச் சுகமாக இருக்கிறதா, அதுதான் முக்கியம். 500 முதல் 800 கிலோமீட்டர் ஆனதும் மாற்றிவிடுங்கள்.

நிலா_ஓடுகிறாள்:

பெண்கள் யாராவது படித்தால்: ஷூவுக்கு அடுத்த செலவு ஓட்டத்துக்கென்றே உள்ள ஸ்போர்ட்ஸ் ப்ரா. கீழ்ப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் தளர்வு கூடாது. பிடிப்பைத் தர வேண்டியது பட்டைதான், தோள் பட்டி இல்லை. தொடை உராய்ந்து புண்ணாகும் இடத்தில் கிளம்பும் முன்பே வாசலின் தடவுங்கள். காட்டன் வேண்டாம், நனைந்தால் கனத்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஒழுங்காக ஓடியும் வாரக்கணக்கில் அசதி போகவில்லை என்றால் ரத்தத்தில் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்பில் உள்ள இரும்புச்சத்து இருப்பு) பார்த்துவிடுங்கள்.

தெருநாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடந்து போங்கள், முறைத்துப் பார்க்காதீர்கள்.

மயிலைவாசி36:

ரொம்ப நன்றி, எல்லோருக்கும். சாப்பாடு பற்றியும், வெயில் காலத்தில் எப்படி ஓடுவது என்றும் யாராவது சொன்னால் நல்லது. நடுவில் காய்ச்சல், ஊருக்குப் போவது என்று விட்டுப்போனால் எங்கிருந்து தொடங்குவது?

மெதுஓட்டம்:

அரைமணி நேர ஓட்டத்துக்கு வெறும் வயிறே போதும். பசித்தால் அரைமணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழம். இட்லி, தோசை சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் விலாவில் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்தால் நடந்துகொண்டே வாயால் நீளமாக மூச்சை விட்டு, வலிக்கும் இடத்தைக் கையால் அழுத்துங்கள். கிளம்புமுன் ஒரு தம்ளர் தண்ணீர், வந்ததும் உப்புப் போட்ட மோர். சுகருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் வெறும் வயிற்றில் ஓட வேண்டாம்.

சென்னையில் பெரிய சோதனை புழுக்கம். ஈரக்காற்றில் வியர்வை காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது, இதயம் கூடுதலாக அடிக்கும். ஏப்ரல் முதல் ஜூன்வரை காலை ஆறு மணிக்குள் முடிக்கப் பாருங்கள். கிலோமீட்டருக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும், அது இயல்பு. வெயிலில் ஓடும்போது மயிர்க்கூச்செறிந்தாலோ, தலை சுற்றினாலோ, பேச்சு குழறினாலோ உடனே நிழலுக்குப் போய் உடம்பில் தண்ணீர் ஊற்றுங்கள். குழப்பமாகப் பேசினால் கூட இருப்பவர்கள் 108-ஐ அழைக்க வேண்டும். நெஞ்சு அழுத்துவதுபோல இருந்தாலும் அப்படியே, உடனே மருத்துவமனை.

ஒரு வாரம் விட்டால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம், இரண்டு வாரம் விட்டால் திட்டத்தில் இரண்டு வாரம் பின்னால் போங்கள், ஒரு மாதம் என்றால் முதல் வாரம். காய்ச்சலோடு ஓடவே கூடாது, வைரஸ் இதயத் தசையையும் பாதிக்கலாம். காய்ச்சல் விட்ட பிறகும் ஒரு வாரம் நடை மட்டும். டெங்கு என்றால் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் ஷூவை எடுக்க வேண்டும்.