கறிவேப்பிலையில் புழு வந்தால் கிள்ளி எறியாதீர்கள்: வண்ணத்துப்பூச்சி வளர்த்தவர்களின் அனுபவங்கள்

ஸ்ரீரங்கத்திலிருந்து:

கறிவேப்பிலையோ எலுமிச்சையோ ஒரு தொட்டி இருந்தால் போதும், வண்ணத்துப்பூச்சியை நாம் தேடிப் போக வேண்டாம். எங்கள் மொட்டை மாடிக்கு வருபவை பெரும்பாலும் இரண்டு இனங்கள்: கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி. நிறையப் பேர் இலையில் புழுவைப் பார்த்ததும் செடி கெட்டுவிடும் என்று கிள்ளிப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். செடி மறுபடி துளிர்த்துவிடும்.

தாய்ப்பூச்சி முட்டையிட வரும்போது கவனித்துப் பாருங்கள். பூவுக்கு வருவது போல நிதானமாக வராது. செடியைச் சுற்றிப் படபடத்துக்கொண்டே ஒவ்வொரு இலையிலும் ஒரு நொடி கால் வைத்துப் பார்க்கும். ருசி அறியும் நரம்புகள் அதன் காலில் இருக்கின்றன, தன் பிள்ளைக்கு உகந்த இலைதானா என்று காலால் தொட்டே தெரிந்துகொள்ளும். பிடித்த துளிரில் வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டை. வெளிர் மஞ்சளில், கடுகைவிடச் சிறியது. நம் ஊர் வெயிலுக்கு மூன்று நான்கு நாளில் பொரிந்துவிடும். வெளியே வரும் புழு முதலில் தின்பது தான் கிடந்த முட்டை ஓட்டைத்தான்.

அப்புறம் இலை. முதல் நான்கு பருவமும் பழுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் மாதிரியே இருக்கும், அதனால்தான் குருவியின் கண்ணுக்குத் தப்புகிறது. நான்காவது தடவை தோல் உரித்த பிறகு பச்சை நிறம் வந்துவிடும். தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு கவட்டைக் கொம்பை நீட்டும், காட்டமான நெடி அடிக்கும். எறும்பையும் சிலந்தியையும் விரட்டும் வழி அது. நம்மை ஒன்றும் செய்யாது. உடம்பில் சுணையும் கிடையாது, பட்டால் அரிக்காது.

தீனி விஷயத்தில்தான் எல்லாமே இருக்கிறது. புழு தன் வாழ்நாளில் தின்பதில் பெரும்பங்கைக் கடைசிப் பருவத்தில்தான் தின்கிறது. முதல் வாரம் ஒரு இலை போதும் என்று தோன்றும். கடைசி நாட்களில் நான்கைந்து புழுக்கள் சேர்ந்தால் ஒரு சிறு தொட்டிச் செடியை ஈர்க்கோடு விட்டுவிடும். அதனால் ஒரு செடியை நம்பி இறங்காதீர்கள். கறிவேப்பிலைப் பழம் கிடைத்தால் சதையைக் கழுவிவிட்டு உடனே நட்டுவிடுங்கள், காய்ந்த விதை சரியாக முளைக்காது. வில்வமும் இந்த இரண்டு இனத்துக்கும் ஆகும், நாரத்தையும் ஆகும். ஆனால் எலுமிச்சையில் பிறந்து பாதி வளர்ந்த புழுவைக் கறிவேப்பிலையில் விட்டால் பல நேரம் வாய் வைக்காது. பிறந்த செடியின் இலையையே கடைசிவரை கொடுப்பது நல்லது.

கடையில் கட்டாக விற்கும் கறிவேப்பிலையைத் தயவுசெய்து போடாதீர்கள். வயலில் அடித்த மருந்து இலைக்குள்ளேயே ஊறியிருக்கும், எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது. நமக்கு ஒன்றும் தெரியாத அளவு மருந்து அந்தச் சின்ன உடம்புக்குத் தாங்காது. கொசுவர்த்தி, கொசு மருந்துத் தெளிப்பு, வேப்பெண்ணெய்க் கரைசல் எதுவும் புழு இருக்கும் இடத்தில் வேண்டாம்.

செடியிலேயே விட்டு வளர்ப்பதானால் கிளையோடு சேர்த்துக் கொசுவலைத் துணியால் மூடிக் கட்டிவிடுகிறேன். உள்ளே வைத்து வளர்ப்பதானால் சாப்பாட்டை மூடும் வலைக்கூடை போதும். கிளையைத் தண்ணீர்ப் பாட்டிலில் சொருகி வாயைப் பஞ்சால் அடையுங்கள், இல்லையென்றால் புழு தண்டு வழியாக இறங்கித் தண்ணீரில் விழுந்து செத்துப்போகும். எச்சத்தைத் தினமும் தட்டிவிட வேண்டும், ஈரத்தோடு கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். இலை மாற்றும்போது புழுவைக் கையால் பிய்க்காமல் அது இருக்கும் பழைய இலையை நறுக்கிப் புது இலைமேல் வையுங்கள், தானாக ஏறிக்கொள்ளும். அசையாமல் தலை குனிந்து கிடந்தால் அது தோல் உரிக்கப் போகிறது. அப்போது தொடவே கூடாது.

இரண்டு மூன்று வாரத்தில் ஒரு நாள் திடீரென்று தண்ணியாகக் கழியும். பயப்படாதீர்கள், வயிற்றைக் காலி செய்கிறது. அப்புறம் தீனியை விட்டுவிட்டு இடம் தேடி அலையும். அந்தக் கட்டத்தில் கூடைக்குள் இரண்டு காய்ந்த குச்சியைச் சாய்த்து வைத்துவிடுவேன்.

குச்சியில் நின்றபின் அது செய்யும் வேலையை ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதலில் ஒரு சிறு பட்டுத் திண்டு பின்னி அதைப் பின்கால்களால் பற்றிக்கொள்ளும். பிறகு முன்னுடம்பை வளைத்து, வாயிலிருந்து வரும் இழையைக் குச்சியின் ஒரு பக்கம் ஒட்டி, தனக்கு முன்னால் வளைத்துக் கொண்டுபோய் மறுபக்கம் ஒட்டும். மறுபடி இந்தப் பக்கம், மறுபடி அந்தப் பக்கம். இழைகள் சேர்ந்து தடித்ததும் தலையை உள்ளே நுழைத்து, மின்கம்பத்தில் ஏறியவர் இடுப்பு வாரில் சாய்ந்து நிற்பதுபோல அந்த வளையத்தில் சாய்ந்துவிடும். ஏறக்குறைய ஒரு நாள் அப்படியே இருந்து கடைசித் தோலை உரிக்கும். உள்ளே கூட்டுப்புழு. பச்சை இலைகளுக்கு நடுவே என்றால் அனேகமாகப் பச்சையாக இருக்கும், காய்ந்த குச்சி என்றால் பழுப்பாக இருக்கும்.

பத்து நாள் வாக்கில் கூடு கறுக்கும், சிறகின் கோலம் வெளியே தெரியும். மறுநாள் காலை பார்த்துக்கொண்டே இருங்கள்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து:

அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் வளர்ப்பது எருக்கில் வரும் வெந்தய வரியன். எங்கள் ஊரில் ரோட்டோரம் எல்லாம் எருக்குதான், தீனிக்குப் பஞ்சமே இல்லை. புழு கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரியோடு பளிச்சென்று இருக்கும், ஒளிந்துகொள்ளவே செய்யாது. எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் தைரியமாக வெளியே உட்கார்ந்து தின்னும். இலை பறிப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். பால் கண்ணில் பட்டால் பெரிய தொந்தரவு, கை கழுவாமல் முகத்தைத் தொடாதீர்கள்.

இதன் கூட்டுப்புழுவுக்கு இடுப்பு வார் கிடையாது, வால் முனையில் மட்டும் தொங்கும். அதனால் கூடையின் மேல்பக்கம் வலையாக இருந்தால்தான் பிடி கிடைக்கும். அரளியில் வரும் வெண்புள்ளிக் கருப்பனும் அப்படித்தான் தொங்கும். அந்தக் கூட்டைப் பார்க்காதவர்கள் அவசியம் பாருங்கள், முழுக்க வெள்ளி மினுமினுப்பு, கிட்டே போனால் நம் விரலின் நிழல் அதில் தெரியும்.

ஒன்று மட்டும் மனதைக் கஷ்டப்படுத்தும். நன்றாகத் தின்று வளர்ந்த புழு கூடு கட்டியபின், அதிலிருந்து வெள்ளைப் புழுக்கள் நூல் விட்டு இறங்கும். நாம் எடுத்து வருவதற்கு முன்பே, வெளியில் இருந்தபோதே ஒட்டுண்ணி ஈ அதில் முட்டையிட்டிருக்கும். பெரிய புழுவாகப் பிடித்து வந்தால் இது அடிக்கடி நடக்கிறது. முட்டையாகவே இலையோடு கொண்டுவந்து வலைக்குள் வைத்தால் பெரும்பாலானவை தப்பிவிடுகின்றன.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கள் வளவில் ஒரு தேசிமரம், அதாவது எலுமிச்சை, நிற்கிறது. பிள்ளைகள் எந்தப் புழுவைக் கண்டாலும் மயிர்க்கொட்டி என்று பயந்து ஓடுவார்கள், இப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேரே அந்த மரத்தடிக்குத்தான் போகிறார்கள். கன்று விற்கும் ஓரிடத்தில் வாங்கிய தோடங்கன்றில் (ஆரஞ்சுக் கன்று) விட்ட புழுக்கள் எல்லாம் அடுத்தடுத்த நாளே சுருண்டு பச்சையாகக் கக்கிச் செத்துவிட்டன. கன்றுக்கு மருந்து அடித்திருந்தார்கள் என்று பிறகு விசாரித்ததில் தெரிந்தது. பிள்ளைகள் அழுத அழுகை இன்னும் மறக்கவில்லை. அதன்பிறகு விதை போட்டு முளைத்த கன்றுகள் மட்டும்தான்.

அக்கா, இரண்டு கேள்வி. ஒரே மரத்தில் எடுத்த முட்டைகளிலிருந்து வந்த பெண்பூச்சிகள் ஒன்று வெள்ளைப் பட்டையோடும் இன்னொன்று சிவப்புப் புள்ளிகளோடும் வந்தன. இரண்டும் ஒரே இனம்தானா? இன்னொன்று, வெளியே வந்த ஒரு பூச்சி கீழே விழுந்து சிறகு விரியாமல் கிடந்தது. என்ன செய்யலாம்?

ஸ்ரீரங்கத்திலிருந்து:

தங்கச்சி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில், ஏனென்றால் அதற்கு நேரம் மிகக் குறைவு. வெளியே வந்ததும் சிறகு ஈரமாக, சுருங்கித்தான் இருக்கும். உடம்பிலுள்ள நீரைச் சிறகு நரம்புகளுக்குள் தள்ளித்தான் விரிக்கிறது, அதற்குச் சிறகு கீழ்நோக்கித் தொங்க வேண்டும். விழுந்துவிட்டால் சொரசொரப்பான குச்சியைக் காலருகே நீட்டுங்கள், பிடித்து ஏறியதும் குச்சியைச் செங்குத்தாக நிறுத்திவிடுங்கள். சிறகைத் தொடாதீர்கள். கசங்கியபடி காய்ந்துவிட்டால் அப்புறம் விரியாது. அப்படிப்பட்டதை நான் இட்லிப்பூக் கொத்தில் விட்டு, இருக்கும்வரை தேன் குடிக்கட்டும் என்று வைத்துக்கொள்வேன். பக்கத்தில் சிவப்பாக ஒரு துளி கிடந்தால் ரத்தம் என்று பதற வேண்டாம், கூட்டுக்குள் சேர்ந்த கழிவு அது. உறிஞ்சுகுழல் இரண்டு இழையாகப் பிரிந்திருப்பதைப் பார்த்தீர்களா? அதை உருட்டி நீட்டி, உருட்டி நீட்டி ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கும். அதுவரை அதற்குத் தேன் தேவையில்லை, சர்க்கரைத் தண்ணீர் வைத்துத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

உங்கள் பெண்பூச்சிகள் இரண்டுமே கறிவேப்பிலை அழகிதான். ஆண் ஒரே மாதிரி, கறுப்பில் வெள்ளைப் பட்டை. பெண் மட்டும் பல வேஷத்தில் வரும்: ஒன்று ஆணைப் போல, ஒன்று ரோஜா அழகியைப் போல, ஒன்று சிவப்புடல் அழகியைப் போல. ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் ஈசுவரமூலிக் கொடியைத் தின்று நஞ்சேறியவை, பறவைகள் தொடுவதில்லை. நம் பெண்பூச்சிக்கு அந்த நஞ்சு இல்லை, நிறம் மட்டும் இரவல். டபுள்செக்ஸ் என்னும் ஒரே மரபணுதான் இந்த வேஷத்தை முடிவு செய்கிறது என்று கிருஷ்ணமேக் குண்டேயும் சக ஆய்வாளர்களும் 2014-இல் காட்டினார்கள். ஒரே மரத்து முட்டையில் இரண்டு உருவம் வருவது அதனால்தான்.

நெல்லைத் தம்பி தனியாக ஒன்று கேட்டிருந்தார், தமிழ் மறவனை வளர்க்க முடியுமா என்று. 2019-இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தார்களே, அது. மலைக்காட்டு இனம் தம்பி, அதைக் காட்டிலேயே விட்டுவிடுவோம். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலிலும் சில வண்ணத்துப்பூச்சிகள் இருக்கின்றன, காட்டிலிருந்து எதையும் கொண்டுவரக் கூடாது. தோட்டத்துக்குத் தானாக வருவதற்கு இலை கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வோம். எந்தப் பூச்சிக்கு எந்தச் செடி என்று நேரில் பார்க்க நினைப்பவர்கள் திருச்சி வந்தால் மேலூரில், 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு ஒரு காலை நேரம் ஒதுக்குங்கள். வெயில் ஏறும் முன்னால் போனால் கூட்டமாகப் பார்க்கலாம்.

யாழ்ப்பாணத்தில் ஈசுவரமூலிக் கொடி கிடைத்தால் வேலியில் ஒன்று படரவிடுங்கள் தங்கச்சி. வேஷம் போட்டதையும் அசலையும் ஒரே வளவில் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வேறுபாடு கண்டுபிடிக்க ஒரு வழி: அசலின் உடம்பே சிவப்பாக இருக்கும், நம் கறிவேப்பிலை அழகியின் உடம்பு கறுப்பு.