ஜெபம் வராத நாட்களிலும் அவரோடு

காட்பாடியிலிருந்து ஒரு சகோதரி:

கிறிஸ்துவோடு இணைந்திருப்பதை எப்படி உணர்ந்தோம் என்று இங்கே பலர், ஆவியில் நிரம்பிக் கண்ணீர் விட்ட அனுபவங்களை எழுதியிருக்கிறீர்கள். படிக்கப் படிக்க சந்தோஷம். என் சாட்சி வேறு மாதிரி. உள்ளே ஒன்றுமே அசையாமல் கிடந்த காலத்தில்தான், நான் கிறிஸ்துவோடு இணைக்கப்பட்டிருக்கிறேன் என்பது எனக்கு உறுதியானது.

அம்மாவுக்கு மூளையில் கட்டி. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து ஐ.சி.யூ.வில் இருந்தார்கள். வெளியே நானும் அத்தையும். பக்கத்தில் கொல்கத்தாவிலிருந்து வந்த ஒரு குடும்பம். மொழி தெரியாவிட்டாலும் பிஸ்கட் பாக்கெட் கைமாறிக்கொண்டே இருந்தது. ஓய்வுநாள் பள்ளி, வாலிபர் கூட்டம், பாடகர் குழு என்று வளர்ந்தவள் நான். அங்கே கண்ணை மூடினால் "இயேசப்பா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. 23-ஆம் சங்கீதம்கூட பாதியில் நின்றுவிடும். விசுவாசமே போய்விட்டதோ என்று பயந்துபோய், அங்கு வந்த சாப்ளின் ஐயாவிடம் (ஆஸ்பத்திரிப் போதகரிடம்) சொன்னேன்.

"வரலைன்னா விடும்மா. நீ ஆண்டவரை எவ்வளவு கெட்டியா பிடிச்சிருக்கேன்னு பார்த்துக்கிட்டே இருக்காதே. அவர் உன்னைத் தம்மோட சேர்த்துக்கிட்டாரு, அதைப் பாரு" என்றார். அப்புறம் ரோமர் 8-ஐத் திறந்தார். 26-ஆம் வசனத்தில், எப்படி வேண்டிக்கொள்வது என்று தெரியாத நமக்காக ஆவியானவர் பெருமூச்சுகளோடு வேண்டுகிறார். 34-ஆம் வசனத்தில், கிறிஸ்து தேவனுடைய வலதுபாரிசத்திலிருந்து நமக்காக வேண்டுகிறார். "உனக்குள்ளேயும் ஜெபம் நடக்குது, பிதாவோட பக்கத்துலயும் நடக்குது. ரெண்டுக்கும் நடுவுல நீ இருக்கே. தனியா இல்லம்மா."

அன்றைக்கும் எனக்குள் எதுவும் பொங்கவில்லை. ஆனால் அத்தையின் தோளில் சாய்ந்து தூங்கினேன்.

அம்மா வீடு திரும்பிவிட்டார்கள். பேச்சுதான் சரியாக வரவில்லை. என் பெயரையே தேடுவார்கள். வசனம் சொல்ல முடியாது. கீர்த்தனையை எடுத்துக் கொடுத்தால் மட்டும் வரிகள் வந்துவிடும். இப்படி ஆனவர்களில் சிலருக்குப் பேச்சு போனாலும் பாட்டு நிற்கும் என்று பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் சொன்னார். அந்தப் பாட்டும் ஒருநாள் போகலாம். போனாலும் அம்மா கிறிஸ்துவுக்குள்தான் இருப்பார்கள். இதை முழு மனதோடு நம்புகிறேன்.

ராணிப்பேட்டையிலிருந்து:

தங்கச்சி, உங்கள் சாட்சிக்காக ஸ்தோத்திரம். என் தாத்தா உபதேசியார். 1853-இல் இந்தப் பக்கம் ஆற்காடு மிஷனைத் தொடங்கிய ஸ்கடர் குடும்பத்தார் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர்கள். விசுவாசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லித்தரும் ஹைடல்பர்க் வினாவிடையை அந்தச் சபை கைக்கொள்கிறது; அது 1563-இல் வந்தது. வாழ்விலும் சாவிலும் உனக்கு ஒரே ஆறுதல் என்ன என்பதுதான் அதன் முதல் கேள்வி. நான் எனக்குச் சொந்தமல்ல, உடலோடும் ஆத்துமாவோடும் இயேசு கிறிஸ்துவுக்கே சொந்தம் என்று பதில் தொடங்கும். வியாதிக்காரர்களைப் பார்க்கப் போனால் தாத்தா சொல்வது இதைத்தான். உங்கள் அம்மாவுக்கும் இதுவே போதும்.

இன்னொன்று. என்னோடு வேலை பார்த்த இந்து நண்பர், "கிறிஸ்துவோடு இணைவது என்றால் அத்வைதம் மாதிரிதானே?" என்று கேட்டார். உண்மையாகத் தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். இல்லை என்றேன். அத்வைதத்தில் ஜீவனும் பிரம்மமும் வேறு வேறல்ல. யோவான் 15-இல் கொடி செடியில் நிலைத்திருக்கிறது, செடியாகவே ஆகிவிடுவதில்லை. எபேசியர் 5-இல் பவுல் கணவன் மனைவியைக் காட்டுகிறார். ஒரே மாம்சமானாலும் அவர்கள் இருவர்தான். நான் கரைந்து காணாமல் போனால் அவர் யாரை நேசிப்பார்?

ஆம்பூரிலிருந்து:

ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். கிறிஸ்துவோடு இணைந்திருப்பது என்றால் என்ன என்று எனக்குத் திருவிருந்தில், அப்பமும் ரசமும் வாங்கும் ஆராதனையில்தான் புரிந்தது. அதே கம்பெனி, அதே சபை அக்கா ஒருவரோடு சீட்டுப் பணத்தால் பேச்சு நின்றிருந்தது. ஒரு ஞாயிறு ஆல்டர் முன்னால் அவர் என் பக்கத்தில் வந்து முழங்கால் போட்டார். ஒரே அப்பத்தில் பங்குபெறுவதால் அநேகரான நாம் ஒரே சரீரம் என்று 1 கொரிந்தியர் 10:17 சொல்கிறது. நான் கிறிஸ்துவோடு இணைந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, அவரோடு இணைந்திருக்கிற இந்த அக்காவுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று எப்படிச் சொல்வது?

வெளியே வந்ததும், "அக்கா, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போங்க" என்றேன். வரவில்லை. ஆனால் மறுவாரம் கம்பெனி பஸ்ஸில் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தார். பணப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. எங்கள் இருவருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.