என்னிடம் பேசாமல் துணைக்கு வந்தவரிடமே பேசுகிறார்கள்: கோடைப் பயணங்களில் என்ன செய்வது?

கேள்வி:

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. வெண்கோலும் கைப்பேசியில் திரைவாசிப்பானும் இருந்தால் அலுவலகம், கடை, வங்கி என எங்கும் தனியாகவே போய் வந்துவிடுவேன். விடுமுறையில் ஊர் சுற்றக் கிளம்பும்போதுதான் சிக்கல். சென்ற வாரம் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் ராட்டினத்துக்காக வெகுநேரம் வரிசையில் நின்று என் முறை வந்தபோது, அங்கிருந்த ஊழியர் என் தங்கையிடம், "இவரால் ஏறி இறங்க முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்று நான் சொன்ன பிறகும் அவளிடமே பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் "பாதுகாப்பு" என்ற ஒற்றைச் சொல்லோடு என்னை வரிசையிலிருந்து விலக்கிவிட்டார்கள். அடுத்த வாரம் கடற்கரைக்குப் போகிறோம். மணலில் கோல் செருகிக்கொள்வதை எப்படிச் சமாளிப்பது? சண்டையில் முடியாமல் உரிமையைக் கேட்பது எப்படி?

பதில் 1:

கடற்கரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அலை நனைத்துவிட்டுப் போன மணல் இறுகியிருக்கும் என்பதால் அங்கே நடப்பது எளிது. கோலின் நுனியில் உருளும் பந்துமுனையைப் பொருத்திக்கொண்டால் செருகுவதும் குறையும். அலையோசை வலது காதில் கேட்கும்படி நடந்தால், திரும்பி வரும்போது அது இடது காதுக்கு வந்துவிடும். காற்று பலமாக வீசினால் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். அமரும் இடத்தில் சிறிய புளூடூத் ஒலிபெருக்கியைப் பாடவிட்டுச் செல்வது நல்லது. வீடு திரும்பியதும் மடக்குக் கோலின் மூட்டுகளை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஒருமுறை நான் சோம்பலால் விட்டுவிட, மணல் இறுகிக் கோல் மடங்கவே மறுத்தது. மறுநாள் கூட்டமான பேருந்தில் அதை நீட்டியபடியே பிடித்துக்கொண்டு வந்தேன்.

பதில் 2:

ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவு, பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்கும் உரிமையைப் பேசுகிறது. ஆனால் வரிசையில் நின்றுகொண்டு ஊழியரிடம் பிரிவு எண்ணைச் சொல்வதால் பயன் இல்லை. அதை நிர்வாகத்துக்கு எழுதும் கடிதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "எந்த விதியின்படி மறுக்கிறீர்கள்? அதைப் படித்துக் காட்டுங்கள்." பெரும்பாலும் அவர்கள் சொல்லும் காரணம், ராட்டினம் பாதியில் நின்றுவிட்டால் படி வழியாக இறங்க வேண்டியிருக்கும் என்பது. அது பொருளற்ற கவலை அல்ல. ஆகவே இருக்கையின் பூட்டைத் தொட்டுப் பார்க்கவும், இறங்கும் வழியை முன்கூட்டியே விளக்கிச் சொல்லவும் கேளுங்கள். அன்றாடம் படியேறி இறங்குபவருக்கு அந்தப் படி மட்டும் எப்படி ஆபத்தாகும் என்ற கேள்விக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அப்போதும் மறுத்தால் தேதி, நேரம், சொன்ன சொற்கள் ஆகியவற்றை அங்கேயே கைப்பேசியில் பதிந்துகொண்டு, நிர்வாகத்திடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

பதில் 3:

எனக்குப் பார்வை உண்டு. என் மனைவிக்கு இல்லை. இத்தகைய இடங்களில் பாதித் தவறு என்னுடையதாகவே இருந்தது. யாராவது என்னைப் பார்த்துக் கேட்டால் வாய் தானாகப் பதில் சொல்லிவிடும், அவர்களும் அதன்பின் அவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இப்போது நான் பேசாமல் அவள் முகத்தைப் பார்க்கிறேன். கேட்டவருக்கும் வேறு வழியில்லாமல் பார்வை அங்கே போகிறது. முதலில் இரண்டு மூன்று நொடி சங்கடமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை உங்கள் தங்கையிடம் கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுங்கள். வரிசையில் நிற்கும்போது முழங்கையால் இடித்துச் சொன்னால் புரியாது.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. பந்துமுனை வாங்கச் சொல்லிவிட்டேன், பூங்காவுக்கான கடிதத்தையும் எழுதத் தொடங்கிவிட்டேன். மூன்றாம் பதிலைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். கடற்கரையில் வாயே திறக்க மாட்டேன் என்கிறாள். அவளை எனக்குத் தெரியாதா!