பாறை வழுக்கலா, நீராவியா? எப்படிப் பிரிப்பது?

அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையின் 2004-2008 வெடிப்பைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டேன். எரிமலை வாய்ப் பள்ளத்துக்குள், இறுகிய எரிமலைக்குழம்பாலான பாறைத்தூண் தொடக்கத்தில் நாளுக்குச் சில மீட்டர் வெளியே தள்ளப்பட்டது. கூடவே, அரை நிமிடத்துக்கோ சில நிமிடங்களுக்கோ ஒருமுறை, ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் சின்னச் சின்ன நிலநடுக்கங்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி.

தூண் பக்கச் சுவரோடு ஒட்டி நின்று, திடீரென்று சில மில்லிமீட்டர் வழுக்குவதால் நடுக்கம் வருகிறது என்றது ஐவர்சன் என்ற ஆய்வாளரின் குழு (2006). நாள் வேகத்தை நடுக்க எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தேன், சரியாகவே வருகிறது. ஆனால் அலைப்பதிவில் முதல் துடிப்புக்குப் பின் மெதுவாக அடங்கும் அந்த நீண்ட வால்? நீராவி நிரம்பிய விரிசலின் அதிர்வு என்கிறார்கள் வெயிட், ஷூவே ஆகியோரின் ஆய்வுக் குழுவினர் (2008). எனக்கும் அதுதான் படுகிறது. கேமராப் படங்களையும் பார்த்தேன், மில்லிமீட்டர் அசைவு அதில் பிடிபடவில்லை. அப்புறம் கரீபியன் தீவான மான்செராட்டின் எரிமலை, 1997: எரிமலைக்குழம்பு இறுகிய குவிமாடம் உப்பும்போது நடுக்கக் கூட்டம், தளர்ந்ததும் அமைதி. இது இரண்டு விளக்கத்துக்குமே ஒத்துப்போகிறது!

தனித்தனி நடுக்கத்தில் பாறை வழுக்கலையும் நீராவி அதிர்வையும் பிரித்துக் காட்ட எந்த அளவீட்டைப் பார்க்க வேண்டும்?