மறு: குழிபுடைப்பா, பொளிவுருவா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வெள்ளிக்கிழமை பாடநூல் அச்சுக்குப் போகிறது. எகிப்தியத் தொழிலாளர் இயலில் இரண்டு படங்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் வருகின்றன. இரண்டுக்கும் ‘புடைப்புச் சிற்பம்’ என்றே போட்டுவிடலாம் என்று இங்கே பலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டாவது படத்தில் உள்ள, ஆங்கிலத்தில் sunk relief எனப்படும் முறைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதே நம் கேள்வி.

முதல் படம் சக்காராவில் தி என்ற அதிகாரியின் கல்லறை. 5-ஆம் அரசமரபுக் காலம். படகு கட்டும் தச்சர்கள் வாய்ச்சியால் மரத்தைச் செதுக்குகிறார்கள். சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல்லைச் செதுக்கி எடுத்திருப்பதால் ஆட்கள் சுவரைவிட்டு மேலெழுந்து நிற்கிறார்கள். இது புடைப்பு, சந்தேகமில்லை.

இரண்டாவது லக்சர் அருங்காட்சியகச் சுவர். எகிப்திய மன்னர் நான்காம் அமென்ஹோதெப் கர்னாக்கில் எழுப்பிய கோயிலை இடித்து, அதன் சிறு கற்களை 9-ஆம் கோபுரவாயிலுக்குள் நிரப்பியிருந்தார்கள். அவற்றில் 283 கற்களை மீட்டு அடுக்கிய சுவர் இது. பண்டகசாலையிலும் பட்டறையிலும் வேலை நடக்கிறது. ஆனால் ஓர் ஆள்கூடச் சுவர்மட்டத்தைத் தாண்டவில்லை. உருவத்தின் ஓரத்தை ஆழ வெட்டி, அதற்குள்ளேயே உடலைத் திரட்டியிருக்கிறார்கள். வெயில் விழுந்தால் அந்த வெட்டு நிழல்கோடாகிவிடும். வெளிச்சுவர்களுக்கு இம்முறையை விரும்பியது அதனால்தான். பெயர் ஒன்றாகவே இருந்தால் மாணவர் இந்த வேறுபாட்டைக் கவனிக்கவே மாட்டார்.

‘குடைவுச் சிற்பம்’ வேண்டாம். குடைவரை என்று மாமல்லபுரத்துக்குப் போய்விடுவார்கள். நம் குழுவில் ஐயா ஒருவர் சொன்ன ‘பொளிவுரு’வில் கல்தச்சரின் சொல் இருக்கிறது; பொளிதல் என்றால் உளியால் கொத்துதல். பொள், பொளி என்று தொடங்கி உளிவரை ஐயா வேர் தேடிப் போனதை ரசித்துப் படித்தேன். ஆனால் பொளியாத கற்சிற்பம் எது? தியின் கல்லறையும் பொளிந்ததுதானே. புடைத்தல் என்றால் முறம்தான் நினைவுக்கு வரும் என்று குழுவில் அம்மா ஒருவர் சொன்ன தடையும் நியாயமானது. அதே கல்லறையில் பெண்கள் தானியம் தூற்றும் காட்சியும் உண்டு. இருந்தாலும் ‘புடைப்பு’ ஊன்றிவிட்ட சொல், அதை அசைக்க வேண்டாம்.

என் வாக்கு ‘குழிபுடைப்பு’க்கு. கண் குழிந்துவிட்டது என்கிறோமே, அந்தக் குழிதல். வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது. தயவுசெய்து ‘குழிப்புடைப்பு’ என்று திருத்தாதீர்கள்.

அப்புறம், அதே இயலின் இன்னொரு படம்: ரெக்மிரே என்ற எகிப்திய அதிகாரியின் கல்லறையில் செங்கல் அறுப்பவர்கள் சிற்பமே அல்ல, தீட்டிய ஓவியம். படக்குறிப்பை மாற்றிவிட்டேன்.

தனிப்பெயர் வேண்டும் என்பவர்களில் பெரும்பாலோர் ‘குழிபுடைப்பு’ போதும் என்கிறார்கள். ஐயா இன்னும் உடன்படவில்லை. வியாழன் இரவுவரை மாற்றுச்சொல் வந்தால் சேர்த்துப் பார்க்கிறேன்.