புதுத் தகரம், பழைய வண்டி: ரீப்ரொடக்ஷன் பேனல் (பழையதைப் போலவே புதிதாகச் செய்த பாடித் தகடு) மாட்டியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பத்மினிக்காரன்
நானே ஆரம்பிக்கிறேன். பத்மினியில் சில் (கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகடு) எப்படித் துருப்பிடித்துப் போகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வலது பக்கத்தை முழுசாக அறுத்தெடுத்துவிட்டுப் புதுசை வைத்துப் பற்றவைத்தார்கள். பேனல் மோசமில்லை, வெல்டிங்கும் சுத்தம். கதவைத் திரும்ப மாட்டும்போதுதான் நான் போய்ச் சேர்ந்தேன். டிங்கர் மெதுவாகச் சாத்தினார். கீழே விரல் நுழையும் கேப், மேலே பெயிண்டோடு பெயிண்ட் உரசுகிறது. அவர் கொஞ்சமும் அசரவில்லை. பக்கத்தில் கிடந்த மரக்கட்டையை எடுத்துக் கீல் ஓரம் கொடுத்தார், கதவில் இடுப்பை வைத்து ஒரே அழுத்து. நங்கென்று ஒரு சத்தம். கதவு அழகாக மூடிக்கொண்டது. "பாத்தீங்களா சார், கேப் ஒரே சீரா வந்துருச்சு" என்றார்.

அந்த அழுத்தில் வளைந்தது கீலா, கீலைத் தாங்கும் பில்லரா? இன்று வரை எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் இதே கேள்விதான்.

ஹெரால்டு_மோகன்
அண்ணே, அது பேனல் பிரச்சினையே இல்லை. மோனோகாக் வண்டியில், அதாவது தனி சேசிஸ் இல்லாமல் பாடியே பாரம் தாங்கும் வண்டியில், சில்தான் முதுகெலும்பு. உள்ளே பிரேசிங் (தற்காலிகத் தாங்கு கம்பி) கொடுக்காமல் அறுத்தால் நடு பாடி தொங்கத்தான் செய்யும். எங்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டில் இந்தக் கவலை கிடையாது. தனி சேசிஸ், சில் வெறும் போல்ட் சமாச்சாரம், பாரமே தாங்காது. அப்படி அமைந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. ஹெரால்டு முதலில் இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் வண்டி. அவர்களுக்குப் பாடி அடித்துக்கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953இல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு பாடி அடித்துக்கொடுக்க ஆள் இல்லாமல், பல இடங்களில் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைக்கிற மாதிரி ட்ரையம்ஃப்காரர்கள் வண்டியை வடிவமைத்தார்கள். அதையேதான் சென்னையில் நம்மவர்களும் செய்தார்கள்.

என் கதை இது. இங்கிலாந்திலிருந்து சில் வரவழைத்தேன் (என்னுடையது இரண்டு கதவு வண்டி. 4 கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும் வந்தது, அதற்கு அங்கிருந்து கதவு கேட்டால் சிரிப்பார்கள்). சில்லைப் பிடித்துப் பார்த்தால் முதல் ஓட்டை சரி, இரண்டாவது சரி, மூன்றாவதில் பின்னாலிருக்கும் ஓட்டை பிறைநிலா அளவுக்குத்தான் தெரிகிறது. தப்பான பார்ட் அனுப்பிவிட்டார்கள் என்று பட்டறையில் எல்லோரும் திட்டித் தீர்த்தோம். டேப் வைத்து அளந்தால் சில் சரியாக இருக்கிறது. சேசிஸிலிருந்து வெளியே நீளும் அவுட்ரிக்கரை முந்தைய ஓனர் காலத்தில் யாரோ அறுத்து ஒட்டியிருக்கிறார்கள், அரை அங்குலம் குறைவாக. வண்டிதான் கோணல்.

அவுட்ரிக்கரைப் பிரிக்க அன்றைக்குக் கையில் காசு இல்லை. சரியாக இருந்த புது சில்லில் ஓட்டையை நீளமாக ராவி மாட்டினோம். அந்த அரத்தின் கீச்சுச் சத்தம்தான் எனக்கு உறுத்தல்.

அம்பி_டீசல்
அம்பாசிடருக்குப் பேனல் பஞ்சம் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். 2014 வரை வண்டி வந்ததே. ஆனால் இப்போது கடையில் "கம்பெனி ஐட்டம்" என்று கொடுப்பதில் எது நிஜம் என்று சொல்ல முடியாது. ஒரு முன் ஃபெண்டர் வாங்கினேன். கறுப்பு கோட்டிங், பளபளவென்று இருந்தது. ஹெட்லைட் வளையம் உட்காரும் இடத்தில் மட்டும் லேசாகக் குமிழ் மாதிரி தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன். கறுப்பு தோல் உரிந்து வந்தது, அடியில் செம்மண் நிறத்தில் துரு. துரு மேலேயே கோட்டிங் அடித்திருக்கிறார்கள்! கடைக்குத் திரும்பக் கொண்டுபோனால், "சுரண்டிட்டீங்களே சார், இனி எப்படி எடுத்துக்கிறது" என்றார். சுரண்டாமல் எப்படிப்பா தெரியும்?

தகரம்தட்டி
எனக்கும் கதவு மூடாத கேஸ் ஒன்று உண்டு, அதை விடுங்கள். புதிதாக இறங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் பேனல் எதை வைத்துச் செய்தது என்று கேளுங்கள். கம்பெனியின் பழைய டையிலேயே (அச்சிலேயே) அடித்தது வேறு, ஏற்கெனவே நசுங்கித் தட்டிய ஒரு ஃபெண்டரை மாதிரியாக வைத்து எடுத்தது வேறு. இரண்டாவதில் அந்தப் பழைய வண்டியின் நசுங்கலும் சேர்ந்தே வரும். எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு 1988இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் கம்பெனி முழு பாடி ஷெல்லையே திரும்பக் கொண்டுவந்தது பழைய டூலிங்கைத் தேடி எடுத்துத்தான். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அடுத்து, கறுப்பு கோட்டிங்கை நம்பாதீர்கள். அது லாரியில் வரும்வரை காப்பாற்றத்தான். சுரண்டி, துரு இருந்தால் எடுத்து, நல்ல ப்ரைமர் அடியுங்கள். அறுப்பதற்கு முன் கதவு வாசலில் குறுக்கே ஆங்கிள் வைத்துப் பற்றவையுங்கள். கதவு, பானெட், டிக்கி எல்லாவற்றையும் மாட்டி, கிளாம்ப் போட்டு, கேப் பார்த்த பிறகுதான் ஒரு பொட்டு வெல்டு. ஒரே இழுப்பாக வெல்டு ஓட்டினால் சூட்டில் தகடு அலையாகிவிடும். இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று மாற்றி மாற்றி வையுங்கள். தகட்டையும் அளந்து பாருங்கள். 20 கேஜ் என்றால் சுமார் 0.9 மி.மீ. இருக்க வேண்டும். அதைவிட மெலிசு என்றால் பட்டி பூசித் தேய்க்கும்போதே உள்வாங்கும். எல்லாம் முடிந்ததும் உள்கூட்டில் மெழுகு அடிக்க மறக்காதீர்கள், துரு உள்ளேயிருந்துதான் வரும். பிரேசிங் கேட்டால் "அதெல்லாம் வேண்டாம் சார்" என்கிற பட்டறையாக இருந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பத்மினிக்காரன்
ஐயா, நான் யோசனை கேட்கவில்லை. அந்தக் கதவு மூடாத கேஸ் என்னாச்சு? அதைத்தான் எல்லோரும் படிக்க வந்திருக்கிறோம்.

தகரம்தட்டி
மூடிவிட்டது சார். கட்டை வைத்துத்தான்.

யாழ்_மைனர்
எனது கதை வேறை மாதிரி. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த நேரம் மாமாவிடம் ஒரு மொரிஸ் மைனர் நின்றது. பெற்றோல் இல்லை, நாலு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார். கடற்காத்து முன் மட்காட்டின் அடிப்பாகத்தைத் தின்றுவிட்டது. பார்ட்ஸ் எங்கே வரும்? எண்ணெய் பரல் ஒன்றை வெட்டி, மண்மூட்டையில் வைத்து மரச்சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்தார். பரலில் இருந்த எழுத்து பெயின்ற் அடித்த பிறகும் வெயில் சரிவாகப் பட்டால் தெரியும்.

இப்ப நான் லண்டனில். ஆசைக்கு ஒரு மைனர் 1000 வாங்கி, அதற்கும் அதே பக்க மட்காட்டை மாற்றவேண்டி வந்தது. புதுசு வந்து சேர்ந்தது. எங்கே செய்தது என்று போனில் கேட்டேன். "ஸ்ரீலங்கா" என்றான். வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்தேன். பிறகு தேடிப் பார்த்தால் உண்மைதான். பாத் நகரத்து மொரிஸ் மைனர் சென்டர்காரரும் இலங்கைக்காரர் ஒருவரும் சேர்ந்து தொடங்கின டியூரபிள் கார் கொம்பனி, தொண்ணூறுகளிலேயே அங்கே மைனர் தகடுகள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கு. மாமா பரல் வெட்டின அதே காலம்! ஒரே தீவுதான், தெற்கிலிருந்து கப்பலில் புது மட்காட் போயிருக்கு, வடக்கில் எங்களுக்கு ஒரு ஆணி கிடைக்கவில்லை.

மட்காட்டைத் திருப்பிப் பார்த்தேன். உள் விளிம்பில் சின்னச் சின்னச் சுத்தியல் தடங்கள். போல்ட் ஓட்டை எல்லாம் அப்படியே பொருந்தினது. மாமாவுக்குப் படம் அனுப்பினேன். "தகடு நல்லாத்தான் இருக்கு, விலை என்ன?" எண்டு மட்டும் கேட்டார்.

ஹெரால்டு_மோகன்
அண்ணே, மைனரில் மட்கார்டுக்கும் பாடிக்கும் நடுவே இடைவெளியை மூட ஒரு பீடிங் பட்டை வருமே, அது பழசையே திரும்பப் போட்டீர்களா, புதுசா?

யாழ்_மைனர்
புதுசுதான் தம்பி. போல்ட்டை முழுக்க இறுக்க முதல் பீடிங்கை இழுத்துப் பிடிக்க ஒரு ஆள் வேணும். மனிசிதான் பிடிச்சா, அரை மணித்தியாலம் பேச்சும் வாங்கினேன்.