அறிவியல் கண்காட்சியிலும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டிலும் நீங்கள் சந்தித்த பிள்ளைகள்

தகடூரான்:

தருமபுரி மாவட்டத்தில் அரசுப் பள்ளியொன்றில் அறிவியல் எடுக்கிறேன். கண்காட்சிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், நடுவராக உட்கார்ந்தவர்கள், சின்ன வயதில் கலந்துகொண்டவர்கள் என்று இங்கே பலர் இருக்கிறீர்கள். அங்கே பார்த்த ஒரு பிள்ளையைப் பற்றியோ, கேட்ட ஒரு கேள்வியைப் பற்றியோ எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் புளோரைடு அதிகம். பாறைக்குள் நெடுங்காலம் தங்கிய நீர் பாறையிலிருந்தே அதைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் காவிக்கறை விழும். எந்தப் பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாது. என் வகுப்பில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது பெரிய விடிவு. ஆனாலும் காவிரித் தண்ணீர் குறைகிற நாளில் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் சேர்த்து ஏற்றிவிடுகிற ஊர்கள் உண்டு.

பிள்ளைகள் ஒரு மையக்கருத்தை ஒட்டித் தாங்களே ஆய்வு செய்து அறிக்கையோடு வருவது குழந்தைகள் அறிவியல் மாநாடு. 2016-17இல் அதன் மையக்கருத்து நிலைத்த வளர்ச்சி. எட்டாம் வகுப்புப் பெண்கள் இருவர், எந்தத் தெருக் குழாயில் எவ்வளவு புளோரைடு வருகிறது என்று பார்க்கிறோம் என்றார்கள். சோதனைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். தண்ணீரில் மருந்தை விட்டு, வருகிற நிறத்தை வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். என் பங்கு அத்தோடு சரி.

மாவட்ட மாநாட்டில் நடுவர் ஒருவர் அறிக்கையைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "நிறத்தை யாரும்மா பார்த்துச் சொன்னது? ஒருத்தர் கண்ணுக்கு ஒண்ணரை, இன்னொருத்தர் கண்ணுக்கு ரெண்டுனு தெரியுமே?"

அந்தப் பெண் கொஞ்சமும் தயங்கவில்லை. "நாங்க ரெண்டு பேரும் பார்க்கல சார். எங்க கிளாஸ்ல வேற ஒருத்தியப் பார்க்கச் சொன்னோம். பாட்டில்ல எந்த ஊர்த் தண்ணினு எழுத மாட்டோம், நம்பர் மட்டுந்தான். நடுவுல மழைத்தண்ணியும் ஒரு பாட்டில் வெச்சிருவோம். அதுல புளோரைடு இருக்காதே, அதுக்கும் அவ இருக்குற மாதிரி நிறம் சொல்லிட்டான்னா அன்னிக்கு எடுத்ததெல்லாம் மறுபடி எடுப்போம்."

நான் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. வகுப்பில் யாரோ யாருக்கோ சாதகமாகச் சொல்லிவிடுவார்கள் என்ற சந்தேகத்தில் அவர்களே கண்டுபிடித்த முறை. மருந்து ஆராய்ச்சியில் பெரியவர்கள் கையாளும் முறையும் இதுதான் என்று நடுவர் சொன்னபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. ஒருத்தியின் பாட்டி, "காய்ச்சிக் குடிச்சா எல்லாம் போயிடும்" என்று சொல்லியிருக்கிறார். பேத்தி காய்ச்சியே பார்த்துவிட்டாள். 1.5 நிறம் காட்டிய தண்ணீர் பாதியாகச் சுண்டியதும் 3க்கு வந்துவிட்டது. கிருமி சாகும், ஆனால் புளோரைடு ஆவியாகிப் போகாதே. அந்த ஒரு பக்கத்தை நகல் எடுத்துக் கிராமசபையில் ஒட்டினோம். மாநில அளவுக்கு அவர்கள் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

காவிரிக்கழிமுகம்:

தகடூரான் சார், அந்தப் பெண்களைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன், கல்லூரியில் இருந்தவன். டெல்டா மாவட்டங்களில் பல ஆண்டுகள் நடுவராக இருந்திருக்கிறேன்.

என் நினைவில் நிற்பது ஒரு பானை. 2014-15இல் வானிலையும் காலநிலையும்தான் மையக்கருத்து. நாகப்பட்டினம் கடலோரத்திலிருந்து வந்த பிள்ளைகள் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: திருச்சியில் மாமா வீட்டுப் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறதே, எங்கள் வீட்டில் ஏன் அப்படி இல்லை?

மண்தான் காரணம் என்று முதலில் நினைத்திருக்கிறார்கள். அதைச் சரிபார்க்க அந்த மாமா வீட்டுப் பானையையே பேருந்தில் மடியில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள். நாகப்பட்டினத்துப் பானை திருச்சிக்குப் போனது. திருச்சிப் பானை கடலோரத்துக்கு வந்ததும் சோம்பிவிட்டது, நாகைப் பானையோ அங்கே போய் நன்றாகக் குளிர்ந்தது. ஆக, மண் காரணமில்லை, காற்றின் ஈரப்பதம்தான். பானையில் கசிகிற நீர் ஆவியாகும்போதுதான் உள்ளே குளிர்கிறது, ஈரக்காற்றில் அது ஆவியாவது குறைவு. பிறகு தெர்மாமீட்டர் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் வைத்து அளந்திருக்கிறார்கள். ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பாடத்தில் ஒரு வரியாக வருமே, அதை அந்தப் பிள்ளைகள் கையால் தொட்டுவிட்டார்கள். நிழலில் 36 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரத்துணி காட்டுவது ஏறக்குறைய 23. கடலோரத்தில் 33 டிகிரி, ஈரப்பதம் 75 என்றால் 29க்குக் கீழே இறங்காது. பானை எவ்வளவு நல்ல பானையாக இருந்தாலும் அந்த எல்லைக்குக் கீழே குளிர முடியாது. இதை வரைபடத்தில் காட்டிவிட்டு ஒரு பையன் சொன்னான்: "நாங்க நினைச்சது தப்புனு தெரிஞ்சதுதான் சார் எங்க ரிசல்ட்டு."

என்னோடு இருந்த நடுவர் ஒருவர், "இதில் ஒர்க்கிங் மாடல் இல்லையே" என்று மதிப்பெண்ணைக் குறைக்கப் பார்த்தார். நான் விடவில்லை. வெளியே மைதானத்தில் தெர்மாகோலில் செய்த காற்றாலையும், சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றிப் பொங்க வைத்த எரிமலையும் வரிசையாக இருக்கின்றன. எரிமலை எப்படிப் பொங்குகிறது என்பது அந்தப் பிள்ளைக்கு வருவதற்கு முன்பே தெரியும். இந்தப் பானை எப்படி நடந்துகொள்ளும் என்பது இவர்களுக்குத் தெரியாமல் இருந்தது. தெரியாத ஒன்றைத் தேடி வந்த பிள்ளைக்குத்தான் என் மதிப்பெண். அன்று நெடுநேரம் வாதாடினோம். கடைசியில் அவரும் ஒப்புக்கொண்டார். பிள்ளைகள் மாநிலத்துக்குப் போனார்கள்.

நடுவராகப் போகிற இளையவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அழகாக அச்சடித்த அறிக்கையை அப்புறம் பாருங்கள். முதலில் கிறுக்கிய நோட்டைக் கேளுங்கள். தேதி போட்டு, அடித்துத் திருத்தி, தண்ணீர் பட்டு மை கலங்கியிருக்கும். அது இல்லாத குழுவிடம் மூன்று கேள்விக்கு மேல் கேட்க ஒன்றும் இருக்காது.

முகவைப் பொறியாளர்:

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவன். 2012-13, எரிசக்தி மையக்கருத்து. ராமநாதபுரத்தில் கருவேல விறகை வைத்து, சாதா மண்ணடுப்புக்கும் புகைபோக்கி வைத்த அடுப்புக்கும் எவ்வளவு விறகு செலவாகிறது என்று பார்த்தோம். ஒரே அளவு தண்ணீரைக் கொதிக்க வைப்பது, எரிந்த விறகை எடை போடுவது, இவ்வளவுதான் ஆய்வு.

மாநில மாநாட்டில் ஒரு பள்ளி வகுப்பறையில்தான் தங்க வைத்தார்கள். எங்களுக்கு அடுத்த பாய் ஊட்டிப் பசங்களுடையது. அவர்களும் விறகடுப்புதான் எடுத்திருந்தார்கள். ராத்திரி இரண்டு குழுவும் நோட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டோம். அவர்கள் நோட்டில் தண்ணீர் கொதித்த வெப்பநிலை 93 என்று இருந்தது. "உங்க தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சுடா" என்றேன். "உங்களோடதுதான் கெட்டுப்போச்சு" என்றான் ஒருவன். பெரிய வாக்குவாதம். விளக்கை அணைக்கச் சொல்லி ஆசிரியர் வந்து அதட்டினார். விஷயம் கேட்டதும் அவரும் உட்கார்ந்துவிட்டார்.

காலையில் சமையல் நடந்த இடத்தில் அக்கா ஒருவரிடம் கேட்டு ஒரே பாத்திரத்தில் இரண்டு தெர்மாமீட்டரையும் வைத்தோம். இரண்டும் ஒரே அளவைக் காட்டின. அதன்பின்தான் ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் குறைவு, 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும் என்று அந்த ஆசிரியர் விளக்கினார். "அதான் எங்க வீட்ல குக்கர் இல்லாம பருப்பு வேகாது" என்றான் அந்தப் பையன். பாடப்புத்தகத்தில் 100 டிகிரி என்று படித்தவர்கள் நாங்கள். அவன் ஊரில் அப்படியில்லை என்று எங்களுக்குக் காட்டியது அவனுடைய நோட்டு.

என்ன பரிசு வாங்கினோம் என்பதைவிட அந்தக் காலைநேரம்தான் எனக்குப் பெரிது. மாவட்டம் விட்டு மாவட்டம், தென்னிந்திய அறிவியல் கண்காட்சி என்றால் மாநிலம் விட்டு மாநிலம், பிள்ளைகள் தங்கிப் பேசிக்கொள்கிற அந்த ராத்திரியை ஒருநாள் நிகழ்ச்சியாகச் சுருக்கிவிடாதீர்கள் என்று ஏற்பாட்டாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இப்போது சூரியமின் நிலையம் ஒன்றில் வேலை. எந்தக் கருவி எந்த அளவைக் காட்டினாலும், இன்னொரு கருவியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.

சித்தூர்ப்புழை:

பாலக்காட்டுத் தமிழன். கேரளத்தில் சாஸ்த்ரோத்ஸவம் என்கிற பள்ளி அறிவியல் விழாவில் நிற்கும் மாதிரி, இயங்கும் மாதிரி, ஆய்வுத் திட்டம், எளிய பொருளில் செய்யும் சோதனைகள் என்று தனித்தனிப் பிரிவு உண்டு. பானை ஆய்வும் காற்றாலையும் ஒரே மேசையில் மோத வேண்டியதில்லை. ஐயா சொன்ன சண்டை அங்கே பெரும்பாலும் எழாது. இங்கேயும் எல்லா மட்டத்திலும் இப்படிப் பிரித்துவிட்டால் நல்லது.

ஆவடி அம்மா:

எல்லாரும் எழுதியதைப் படித்தபின் தயக்கத்தோடு எழுதுகிறேன். என் மகன் ஏழாம் வகுப்பு. பள்ளியில் கண்காட்சி என்றதும், மாதிரி நன்றாக இருக்க வேண்டும், ரிச்சி தெருவில் கிடைக்கும், வாங்கிவிடுங்கள் என்று பெற்றோர் எல்லாருக்கும் செய்தி வந்தது. கையை நீட்டினால் மூடி திறக்கிற குப்பைத்தொட்டி வாங்கினோம். அங்கே போனால் அதே குப்பைத்தொட்டி வரிசையாக நிற்கிறது. "சென்சார் எதை அளக்குதுப்பா?" என்று நடுவர் கேட்டார். பையன் விழித்தான். வீட்டுக்கு வந்து அழுதான். எனக்கு அவன்மேல் கோபமே வரவில்லை. அவனுக்கு யாரும் அதைப் பிரித்துக் காட்டவே இல்லையே.

அழுது முடித்ததும் அவனே அதைக் கழற்ற ஆரம்பித்தான். நமக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துத் தூரம் கணக்கிடுகிறது என்று அண்ணன் முறையில் ஒரு கல்லூரிப் பையன் சொல்லிக் கொடுத்தான். சுவரைக் காட்டினால் தூரம் சரியாக வருகிறது. தலையணையைக் காட்டினால் தாறுமாறாக வருகிறது. அட்டையைச் சாய்த்துப் பிடித்தாலும் அப்படித்தான். இப்போது வீட்டிலுள்ள துணியையெல்லாம் எடுத்துக் காட்டி எழுதி வைத்துக்கொண்டிருக்கிறான். கம்பளிக்கு ஒரு பக்கம், பட்டுப்புடவைக்கு ஒரு பக்கம்.

இதை எங்கேயாவது கொண்டுபோக முடியுமா? ஆங்கிலத்தில் பேச வேண்டுமா? அதுதான் அவனுக்குப் பயம்.

தகடூரான்:

ஆவடி அம்மா, உங்கள் மகனை வாயாரப் பாராட்டுகிறேன். தலையணை எதிரொலியை விழுங்குகிறது, சாய்ந்த அட்டை அதை வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. சென்சார் எங்கே தோற்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறான். அது கடையில் கிடைக்காது.

1993இல் தொடங்கிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 வயது முதல் 17 வயது வரை கலந்துகொள்ளலாம். தமிழிலேயே பேசலாம், தமிழிலேயே அறிக்கை எழுதலாம். தமிழ்நாட்டில் இதை முன்னெடுப்பது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். உங்கள் மாவட்ட ஒருங்கிணைப்பாளரைக் கேட்டால், இந்த முறை மையக்கருத்து என்ன, எப்போது பதிய வேண்டும் என்று சொல்வார்கள். ஒரு வழிகாட்டி வேண்டும். ஆசிரியரைக் கேளுங்கள். அவன் யோசனையைப் பள்ளி மூலமாக மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் விருதுக்கும் அனுப்பலாம். தேர்வானால் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே 10,000 ரூபாய் வரும். கண்காட்சிக்கு அதை வைத்துத்தான் செய்ய வேண்டும், அது போதும்.

பெரிய யோசனை இல்லையே என்று அவன் நினைத்தால் திருவண்ணாமலை வினிஷா உமாசங்கரைப் பற்றிச் சொல்லுங்கள். தெருவில் இஸ்திரி போடுகிறவர் கரியைக் கொட்டி ஆறவைப்பதைப் பார்த்துக் கேள்வி கேட்டவர். அதிலிருந்து சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் பேசும்போது அவர் பள்ளி மாணவி.

காவிரிக்கழிமுகம்:

தகடூரான் சார் சொன்னதோடு ஒன்று. தம்பியிடம் சொல்லுங்கள்: ஒவ்வொரு துணியையும் ஒரே தூரத்தில் வைத்து, பத்துப் பத்து முறை அளக்கட்டும். ஒரு முறை வந்த எண்ணை நம்ப வேண்டாம். துணியை ஈரமாக்கியும் பார்க்கட்டும், என்ன ஆகிறதென்று எனக்கும் ஆவலாக இருக்கிறது. அந்த நோட்டைச் சுத்தமாகப் பெயர்த்து எழுதுகிறேன் என்று பழசைத் தூக்கிப் போட்டுவிடப் போகிறான், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆவடி அம்மா:

ஈரத்துணி யோசனையைச் சொன்னதும் குளியலறைக்கு ஓடிவிட்டான், சார். நோட்டை நான் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டேன். ஒருங்கிணைப்பாளரின் எண்ணை நாளைக்குப் பள்ளியில் கேட்கிறேன்.